மாமியார் மணி

எக்ஸ்ரே மிஷினின் தலையைக் கீழே இழுக்கத்தான் கோகிலவாணி கையை உயர்த்தினாள், வேறொன்றுக்கும் இல்லை, அதற்குள் மேஜைமேல் உட்கார்ந்திருந்த பிள்ளை வீங்கிய கையோடு சேர்த்து ரெண்டு கையையும் முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் "வேண்டாம் சார், வேண்டாம் சார்" என்றது. சார்! சேலைக்கு மேலே வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் தாலி தொங்க நிற்கிற பொம்பளையைப் பார்த்து சார் என்கிறது. இதுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் எவனோ அவன் நாக்கில் புழு விழ. வாணி கையை மெதுவாக இறக்கினாள், ஒண்ணுமில்ல கண்ணு, படந்தான் எடுக்கறேன் என்றாள். கண்ணு என்கிற சொல் தெரியவில்லை அதற்கு. படம் தெரியவில்லை. வலிக்குதா என்று கேட்டாள், வலிக்குதா தெரியவில்லை. சரி, எந்திரிச்சு இந்தப் பக்கம் வா சாமி என்று ஆரம்பித்தாள், எந்திரி என்கிற சொல் வாயைவிட்டு முழுசாக வருவதற்குள் அது சடக்கென்று குதித்துச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டது. ஓஹோ, எந்திரி தெரிகிறது. நட தெரிகிறது. சீக்கிரம் தெரிகிறது. ஒருத்திக்கு ஒரு பாஷையில் எந்தெந்தச் சொல் தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்தாலே போதாதா, இதைக் கண்டுபிடிக்க பெங்களூரிலிருந்து மிஷின் வேறு வரவேண்டுமா. கதவிடுக்கில் மயில்சாமி தலையை நீட்டினான். "ஏனுங் சிஸ்டர், புள்ளைக்கு நம்ம பாஷை வராதுங்க, நான் பக்கத்துல நின்னுக்கறனுங்களா?" மில் ஹாஸ்டல் சூப்பர்வைசர். நெற்றி நிறையத் திருநீறு, நர்ஸுகளுக்கு வாரம் தவறாமல் இளநீர் கொண்டுவந்து கொடுக்கிறவன், ஆஸ்பத்திரியே மயிலண்ணன் மயிலண்ணன் என்று உருகும். "உள்ள யாரும் நிக்கக்கூடாதுங்க, கதிர் படும்." "பட்டாப் பரவால்லீங்க, நமக்கு ரெண்டு புள்ளை ஆச்சு" என்று சிரித்தான். வாணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தி, வெளியே சிவப்பு லைட்டைப் போட்டாள். இந்த ஆஸ்பத்திரியிலேயே கூட வந்தவனை வெளியே நிறுத்த நியாயமான காரணம் உள்ள ஒரே அறை இதுதான். பிரசவ வார்டில்கூட மாமியார் நுழைந்துவிடுவாள்.

மாமியார் என்றதும் அவளுக்கு அந்த மணி ஞாபகம் வந்தது, அந்த மணி ஞாபகம் வந்ததும் சிரிப்பு வந்தது, எப்போதும் இப்படித்தான். போன ஆடியில் கொண்டுவந்து போட்டார்கள். அடிமையாகப் பிடித்து வைத்து வேலை வாங்கப்படுகிறவர்கள், விற்கப்பட்டவர்கள், அப்படிப்பட்டவர்கள் சிகிச்சைக்கு வந்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடுமாம். நோயாளிக்குப் பதிலாகக் கூட வந்தவர் பேசுகிறாரா, நோயாளி தலைகுனிந்து இருக்கிறாளா, காயத்துக்குச் சொல்கிற காரணம் பொருந்துகிறதா என்று நர்ஸ் பதிவு செய்துகொண்டே வந்தால் திரை சிவப்பாகி மணி அடிக்கும். எந்தப் புண்ணியவான் செய்தானோ, ஆஸ்பத்திரிக்கு ஒத்தையாய் வந்து தன் வியாதியைத் தானே சொல்லுகிற ஊரில் இருந்துகொண்டு செய்திருக்கிறான். நம்ம ஊரில் தலைவலி என்றாலே நாலு பேர் வேன் வைத்து வருவார்கள். எம்பட மருமகளுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுதுங்க என்று மாமியார் சொல்லுவாள், எத்தனை தடவை போச்சு என்றால் அதையும் மாமியாரே சொல்லுவாள், மருமகள் தரையைப் பார்த்து நிற்பாள். மணி அடித்தது, அடித்தது, ஊரிலிருக்கிற அத்தனை மாமியாருக்கும் அடித்தது. ரெபெக்கா சிஸ்டர்தான் அதற்கு மாமியார் மணி என்று பெயர் வைத்தாள். ரெண்டே வாரத்தில் எல்லோரும் பார்க்காமலே ரத்து பட்டனை அழுத்தப் பழகிவிட்டார்கள். சொல்லிக் கொடுக்க வந்த பெங்களூர்ப் பெண் முன்னால் அன்றைக்கு விளையாட்டாக ரெபெக்கா வாணியை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். உங்க அடையாள அட்டை யார்கிட்ட இருக்கு? வீட்டுக்காரர்கிட்ட. உங்க ஃபோனை வேற யாராச்சும் எடுத்துப் பார்ப்பாங்களா? வீட்டுக்காரர். நெனச்ச நேரத்துல வெளிய போக முடியுமா? அடப் போடி. திரை குங்குமமாய்ச் சிவந்தது. அடுத்து உட்கார்ந்த சரஸ்வதிக்கும் சிவப்பு, கல்யாணமான எல்லோருக்கும் சிவப்பு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்து வாணி பாத்ரூமுக்குப் போய்க் காலையில் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள். கண்டதைத் தின்னா இப்படித்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது இந்தப் பிள்ளைக்கு மணி அடிக்கவில்லை. மில்லிலிருந்து வருகிறவர்கள் அவசரப் பிரிவு வழியாக வருவதில்லை, பங்குனிக்கு அப்புறம் அவர்களுக்கென்று ஆஸ்பத்திரி பி.ஆர்.ஓ. ஜெகதீசன் சார் தனி மேஜை போட்டிருக்கிறார், அங்கே கேள்வியும் கிடையாது மணியும் கிடையாது, நேராக எக்ஸ்ரே, நேராக டாக்டர், நேராக வேன். சீட்டில் சுனிதா குமாரி, வயது பத்தொன்பது, பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்று எழுதியிருக்கிறது. வழுக்கி விழுந்ததாம். ஊரில் இருக்கிற பாத்ரூமையெல்லாம் எண்ணெய் ஊற்றித்தான் கட்டியிருக்கிறார்கள் போல. வாணி அந்தக் கையை, உடைந்த முட்டையை எடுப்பது மாதிரி எடுத்து, தட்டின்மேல் வைத்தாள். ஈயக் கவசத்தைப் பிள்ளையின் மடியில் போர்த்தினாள். கையில் தோலைவிட எலும்பின் கனம்தான் அதிகம். பஞ்சுத் தூசி மயிர்க்கால்களில் ஒட்டியிருந்தது, அக்குளில் வியர்வையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை, மண்ணெண்ணெய் எதற்கு, பேனுக்கா, வேறெதற்கா, வேண்டாம், அதை நினைக்காதே வாணி, கையைப் பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள், அசையாதே என்று சைகை காட்டினாள், அழுத்தினாள். டக். திரையில் எலும்பு வந்தது. வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். கீழே விழுகிறவள் கையை ஊன்றுவாள், மணிக்கட்டு உடையும். அடிக்குக் கையைக் குறுக்கே கொடுக்கிறவளுக்கு முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நட்டநடுவில் உடையும். இது படிப்பில் வந்ததல்ல. அவளுடைய இடது கையிலேயே இருக்கிறது. தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்ததால் அவன் கூப்பிட்டபோது ஃபோன் பிஸியாக இருந்ததாம், அதற்கு ஹெல்மெட்டால் அடித்தான், மோகன்ராஜ், அவளுடைய புருஷன். ஹெல்மெட் வருவது தெரிந்தது, கை தானாக மேலே போனது, சத்தம்தான் முதலில், வலி அப்புறம்தான், காய்ந்த முருங்கைக்கொம்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். ஒடித்துவிட்டு அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தான். இதே மேஜையில் வாணியே கையை வைத்துக்கொடுக்க, ரெபெக்கா வந்து பட்டனை அழுத்தினாள், திரையைப் பார்த்தாள், வாணியைப் பார்த்தாள், படத்தை டாக்டருக்கு அனுப்பினாள். பாத்ரூமில் வழுக்கிருச்சுங்க டாக்டர் என்று அவன் சொன்னான். ஆமாங்க டாக்டர் என்று இவள் சொன்னாள். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அவள் அம்மா ஃபோனில் அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான், கொஞ்சம் அனுசரிச்சுப் போ என்றாள். அந்தச் சொலவடையைக் கண்டுபிடித்தவன் கையை இந்தத் தட்டில் வைத்து மேலேயிருந்து இந்த இரும்புத் தலையை இறக்கி, இறக்கி, எலும்பு மாவாகிற வரைக்கும். ச்சீ, என்ன நினைப்பு. ஆனால் இனிக்கிறதே. முதலில் அவன் கை, அடுத்து மயில்சாமியின் இளநீர் வெட்டுகிற கை, அடுத்து, அடுத்து யாருடைய கை என்று அவள் நினைப்பு ஹெல்மெட் வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது.

திரையைப் பார், திரையைப் பார். புது உடைசல் ஒன்று. அதற்குச் சற்று மேலே, முன்னே எப்போதோ உடைந்து கட்டுப் போடாமல் தானாகக் கூடிக்கொண்ட புடைப்பு ஒன்று. நடுவிரலும் மோதிரவிரலும் கோணி ஒட்டியிருந்தன. அதைவிட மோசம் மணிக்கட்டில் இருந்தது. எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு இழை, வளர்கிற வயசில் மட்டும் இருக்கும், வளர்ந்து முடிந்தால் மூடிக்கொள்ளும். இதற்கு அகலமாகத் திறந்து கிடந்தது. பத்தொன்பதாம்! பதினாலுக்கு மேல் சொல்கிறவனை அடிக்கலாம் என்று நினைத்தாள், அடிக்கலாம் என்கிற சொல் வந்ததும் கூசிப்போனாள். சரி, வழி இருக்கிறது. இந்தப் படத்தை அனுப்பினால் போதும். மாமியார் மணிக்கு எக்ஸ்ரேயும் பார்க்கத் தெரியும், பழைய உடைசலைச் சுற்றி அதுவே சிவப்புக் கட்டம் போட்டுவிடும், தப்பே செய்யாது, இதில் மட்டும் அது கெட்டிக்காரி. கட்டம் விழுந்த உடனே பொறுப்பானவருக்குச் செய்தி போகும், அவர் போலீஸைக் கூப்பிடுவார், வாணிக்கு வேலை பட்டனை அழுத்துவது மட்டும்தான். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். மிஷின் சொல்லிச்சுங்க, நான் என்னங்க பண்ண என்று கை விரித்துவிடலாம். அடேயப்பா, எவ்வளவு சௌகரியம், பயந்தவளுக்கென்றே செய்த சாமான். விரலை வைத்தாள். வைத்த நேரத்தில் கதவுக்கு வெளியே மயில்சாமியின் குரல் கேட்டது, ஃபோனில் பேசுகிறான், கதவோடு ஒட்டி நின்றுதான் பேசுகிறான். "ஆமாங் சார், படத்துக்கு உள்ள போயிருக்குதுங்க. சார், போன தடவையாட்ட மணி கிணி வந்துச்சுன்னா ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்க, வேனை முன்னால கொண்டாந்துர்றேன். செரிங் ஜெகதீசன் சார். செரிங்."

விரல் பட்டன்மேலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. பொறுப்பானவர். பெங்களூர்ப் பெண் அன்றைக்குக் கேட்டாளே, உங்க சமூகப் பணி அலுவலர் நம்பர் சொல்லுங்க, மணி அடிச்சா அவங்களுக்குத்தான் செய்தி போகணும் என்று. அப்படி ஒரு வேலையே இந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்போது ஜெகதீசன் சார் எழுந்து, என் நம்பரைப் போட்டுக்கங்க மேடம், இங்க எல்லாப் பஞ்சாயத்தும் நாந்தானே பார்க்கறேன் என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். வாணியும் தட்டினாள். அப்படியென்றால் பங்குனியில் வந்த பிள்ளை. மில்லிலிருந்து காய்ச்சலென்று அவசரப் பிரிவில் கொண்டுவந்து போட்ட பிள்ளை, முதுகு முழுக்க பெல்ட் தடம். ரெபெக்கா அந்த ஒரு தடவை ரத்து செய்யாமல் மணியை அடிக்கவிட்டாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சொன்னாள், வாணி, இன்னிக்கு நெசமாலுமே ஒருத்திடி என்று. போலீஸ் வரவில்லை. அதற்கு முன்னால் கட்டில் காலி. டிரிப் ஊசியோடு எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார்கள், போர்டிகோ வரைக்கும் சொட்டுச் சொட்டாக ரத்தம். எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டாங்கடி என்றாள் ரெபெக்கா. மோப்பமா! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, நாம்தான் வேலிக்கு ஃபோன் நம்பர் கொடுத்திருக்கிறோம். அந்த மணி அடிக்கிறது ஜெகதீசன் சட்டைப்பையில், அங்கிருந்து மயில்சாமி சட்டைப்பையில். இந்தப் பட்டனை அழுத்தினால் இவளும் ரத்தம் சொட்டிக்கொண்டு போவாள். அந்தப் பங்குனிப் பிள்ளை அன்றைக்கு வேனில் ஏறியபிறகு என்ன ஆனாள், யாராவது கேட்டார்களா, வாணி கேட்டாளா. அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்துச் சேலையில் துடைத்தாள், ஏதோ அசிங்கத்தைத் தொட்டுவிட்ட மாதிரி திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். இந்த அறையில் வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் அந்தத் தாழ்ப்பாளை அவள் போட்டதே கிடையாது, துருப்பிடித்திருந்தது, ரெண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.

தள்ளிவிட்டாள், சரி, இனி? உள்ளே ஒரு மேஜை, ஒரு மிஷின், ஒரு பிள்ளை. ஜன்னல் கிடையாது, சுவருக்குள் ஈயத் தகடு. புத்தி கெட்டவளே, என்ன காரியம் பண்ணிட்டே. பேசாமல் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி எடுத்து, புது உடைசலை மட்டும் காட்டி, கட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் மணியும் அடிக்காது, வம்பும் கிடையாது, மூணு மணிக்கு சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கலாம். இப்பக்கூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தாழ்ப்பாளை எடுத்தால் போதும். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும் போலிருக்கிறது, சட்டையின் முதல் பட்டனை ஒற்றைக் கையால் கழற்ற ஆரம்பித்தது. கண் சிமிட்டாமல், சாமான் எடுத்துக் கொடுப்பது மாதிரி. "ஐயோ, ஐயோ, வேண்டாஞ் சாமி" என்று வாணி ஓடிப்போய் அந்தப் பட்டனைப் போட்டுவிட்டாள். அத்தோடு தீர்ந்தது. அதற்கப்புறம் தாழ்ப்பாளை எடுப்பதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை, யோசிக்கவில்லை என்றால் யோசித்தாள், ஆனால் அந்த யோசனைக்குக் கால் இல்லாமல் போய்விட்டது. ஃபோனை எடுத்தாள். நூறா, நூறு அடித்தால் ஸ்டேஷனில் முதலில் மில்லுக்குத்தான் சொல்லுவார்கள். பத்து ஒன்பது எட்டு, குழந்தைகள் உதவி எண், ஆஸ்பத்திரி வாசலிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறது, தினம் அதன் கீழேதான் ஸ்கூட்டியை நிறுத்துகிறாள். ஒரு பெண் எடுத்தாள், பேரு தாமரைச்செல்வி என்றாள். வாணி குசுகுசுவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். "வயசுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருக்குங்களாக்கா?" "எலும்பு இருக்குதுங்க." அந்தப் பெண் சொன்ன நம்பருக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினாள். அந்தப் பக்கம் அவள் யாரையோ அவசரமாகக் கூப்பிடுவது கேட்டது. "அக்கா, கிளம்பிட்டோம். அரை மணி நேரம் ஆகும். நாங்க வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் பாப்பாவை விட்டுராதீங்க. லைனைக் கட் பண்ணாதீங்க." அரை மணி நேரம்! கை எலும்புக்கு எவன் அரை மணி நேரம் படம் எடுப்பான்.

ஃபோனில் மொழி மாற்றுகிற சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, மார்வாடி நோயாளி வந்தால் அதில்தான் பேசுவாள். லைனைப் போட்டது போட்டபடி அதைத் திறந்து, உன் பேரென்ன என்றாள். ஃபோன் இந்தியில் கேட்டது. பிள்ளை ஃபோனுக்குள் யாரோ இருக்கிறார்களா என்று பார்த்தது. சுனிதா என்றது. நெசப் பேரு? அப்புறம்தான் ஃபூல்மணி என்றது. இந்தி அதற்கும் சொந்த பாஷை இல்லை போலிருக்கிறது, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து வைத்தது. உன்னை யாரு அடிச்சா? கதவைப் பார்த்தது. பிறகு குனிந்து ஃபோனோடு வாயை ஒட்டிவைத்து என்னவோ நீளமாகச் சொன்னது, ஃபோன் ஒரு நொடி சுழன்றுவிட்டுத் தமிழில் பேசியது, ரயில் தாமதமாக வரும் என்று ஸ்டேஷனில் அறிவிப்பார்களே அந்தப் பொம்பளைக் குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல். நேற்று ஒரு பெண் ஓடிப்போனாள். அதனால் எங்கள் அனைவரையும் அடித்தார்கள். பிறகு அவளைப் பிடித்து வந்தார்கள். எங்களை வட்டமாக உட்கார வைத்து நடுவில் அவளை அடித்தார்கள். கம்பி சூடாக இருந்தது. நான் குறுக்கே போனேன். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் ஊற்றினோம். அவள் எழுந்திருக்கவில்லை. நன்றி. நன்றி என்று எதற்குச் சொன்னது அந்த ஃபோன், பிள்ளை சொன்னதா, அதுவாகச் சேர்த்துக்கொண்டதா. வாணிக்குக் காதுக்குள் ஹோவென்று இரைந்தது. அக்கா, கேட்டேன், கேட்டேன் என்றாள் லைனில் இருந்த பெண், அவள் குரலும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் குறுக்கே போனேன். குறுக்கே போய்த்தான் உடைந்திருக்கிறது அந்தக் கை. தனக்கு வந்த அடிக்கு இல்லை, இன்னொருத்திக்கு வந்த அடிக்கு. பதினாலு வயசு. முப்பத்தாறு வயசில் வாணி யாருக்காவது குறுக்கே போயிருக்கிறாளா. சூடான கம்பியை எடுத்தவன் கை, அதே கைதானே இளநீரைச் சீவிக் கொடுத்தது, அதை வாங்கி உறிஞ்சிக் குடித்தோமே, தித்திப்பாயிருக்குதுங்கண்ணா என்று வேறு சொன்னோமே, அடக் கடவுளே.

கதவு தட்டப்பட்டது. "ஆச்சுதுங்களா சிஸ்டர்?" "படம் ஆடிருச்சுங்க, இன்னொன்னு எடுக்கோணும்." சித்த நேரம் கழித்து மறுபடி. "மிஷின் மக்கர் பண்ணுதுங்க." அவள் சும்மா சும்மா அழுத்தினாள், டக், டக், தட்டே இல்லாமல், வெளியே கேட்கட்டும் என்று. பிள்ளை தடுப்புக்குப் பின்னால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் தட்டியது வேறு கை, மோதிரம் போட்ட கை. "வாணி, ஜெகதீசன். என்னம்மா பிரச்சினை? தாழ்ப்பாள் ஏன் போட்டிருக்கு?" வாணி மறுபடி டக்கென்று அழுத்தினாள். "வாணி, உள்ள யார்கிட்டயோ பேசற மாதிரி இருக்குதே." வாணி ஃபோனைக் கையால் பொத்தினாள். "நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு. தேவையில்லாத விஷயத்துல தலையிட்டு வேலையைக் கெடுத்துக்காதே." தேவையில்லாத விஷயம் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது சார், வந்து எழுப்பிக் காட்டுங்க அந்த இன்னொருத்தியை, எழுப்பிக் காட்டினால் கதவைத் திறக்கிறேன். இதை அவள் சொல்லவில்லை, நினைத்தாள். ஒரு கால் கதவை உதைத்தது, மயில்சாமி கால்தான், "ஏய், தொறடி" என்றான், அண்ணன் போய் ஆள் வந்துவிட்டான். திருநீற்று நெற்றிக்குக் கீழிருந்த வாயிலிருந்து அடுத்து வந்த வார்த்தைகளில் பாதி வாணிக்குப் புரியவில்லை, ஃபூல்மணிக்கு எல்லாம் புரிந்தது, ஒவ்வொரு வார்த்தைக்கும் அதன் தோள் குலுங்கியது. இருங்க மயிலு, சத்தம் போடாதீங்க, இதுக்கு வேற வழி இருக்குது என்றார் ஜெகதீசன். குரலைத் தணித்து, கதவோடு வாயை வைத்து, வீட்டு மனுஷர் மாதிரி சொன்னார். "வாணி, மோகனுக்கு ஃபோன் போட்டுட்டேன். வந்துட்டிருக்கான்."

மோகன்ராஜ் வருகிறான். இதுதான், இதுதான் இங்கே வழக்கம். ஆம்பளை தப்பு செய்தால் மெமோ கொடுப்பார்கள், பொம்பளை முரண்டு பிடித்தால் புருஷனுக்கு ஃபோன் போடுவார்கள். சரஸ்வதி விடுப்புக் கேட்டு மல்லுக்கு நின்றபோதும் அப்படித்தான், மறுநாள் உதடு வீங்கி வந்தாள், லீவு வேண்டாங்க சார் என்றாள். பஸ் ஸ்டாண்டில் அவன் செல்ஃபோன் கடை, பைக்கில் ஒரு மிதி. ஐந்து நிமிஷம் ஆகுமா, அதுகூட ஆகாது. போன தடவை என்ன சொன்னான், அடுத்த தடவை கையோட நிறுத்த மாட்டேன் என்றான், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், சோற்றைப் பிசைந்துகொண்டு. அவன் சொன்னால் செய்வான், அதில் மட்டும் நாணயமான ஆள். ஆஸ்பத்திரி முன்னால் மானத்தை வாங்கினவளை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவளை, இன்றைக்கு வீட்டுக்குப் போனால் என்ன செய்வான். வீட்டுக்கு இனி எப்படிப் போவது, அடுப்பு மேடைமேல் அரைத்த மாவு இருக்கிறதே, ஃபிரிட்ஜில் வைக்கவில்லையே, புளித்துப்போகுமே. சாகப்போகிறவளுக்கு மாவைப் பற்றி நினைப்பு. லைனில் அந்தப் பெண் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், ரயில்வே கேட் போட்டுட்டாங்கக்கா, அஞ்சே நிமிஷம், பிடிச்சுக்குங்க. எதைப் பிடிப்பது. வெளியே சத்தம் அடங்கியது. அடங்கியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வந்தால் எந்த அறையிலும் இப்படித்தான் சத்தம் அடங்கும்.

"வாணி." கத்தவில்லை அவன். அடிப்பதற்கு முன்னால் ஒருநாளும் கத்தியதில்லை. "கதவைத் தொற." அவ்வளவுதான் சொன்னான். வாணியின் கை போனது. அவள் அனுப்பவில்லை, சத்தியமாக அனுப்பவில்லை, பன்னிரண்டு வருஷமாக அந்தக் குரலுக்குப் போய்ப் பழகிய கை, சோறு போடப் போகிற மாதிரி, சட்டை எடுக்கப் போகிற மாதிரி அதுவாகவே போனது. திறக்கக் கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், திறக்கக் கூடாது, திறக்கவே கூடாது என்று உள்ளே கதறிக்கொண்டிருக்கிறாள், வெளியே அவளுடைய வலது கை தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கிறது, துரு கரகரவென்கிறது, பாதி வந்துவிட்டது. அப்போதுதான் ஃபூல்மணி பாய்ந்தது. உடைந்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாய்க்குட்டி பாய்கிற மாதிரி பாய்ந்து, வாணியின் மணிக்கட்டுக்குக் கீழே சதையைக் கவ்விக் கடித்தது. விளையாட்டுக் கடி இல்லை, பல் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியது, ரத்தம் சூடாக முழங்கைக்கு ஓடியது, வாணி அம்மா என்று அலறினாள். அலறலோடு அந்தக் கை அவளிடம் திரும்ப வந்துவிட்டது. வலித்தது. நன்றாக வலித்தது, இது தன் கைதான் என்று தெரிகிற அளவுக்கு வலித்தது. ஓங்கிய கைக்குக் கீழே ஒடுங்கிப்போன அந்தப் பிள்ளை, சார் சார் என்று கெஞ்சிய பிள்ளை, கண்ணை அகல விழித்துக்கொண்டு அவளையே முறைத்துப் பார்த்தபடி கடித்தது. "கடி சாமி" என்றாள் வாணி, "விட்டுராத, நல்லாக் கடி." இடது கையால் தாழ்ப்பாளைத் திரும்ப உள்ளே தள்ளினாள், கடைசி வரைக்கும் தள்ளினாள்.

"வாணி, உன்கிட்டத்தான் சொல்றேன்" என்றான் வெளியே. வராண்டா முழுக்க ஆள் நிற்கிறது, நர்ஸுகள், ஆயாக்கள், நோயாளிகள், ரெபெக்காவும் நிற்பாள், ஜெகதீசன் நிற்கிறார், எல்லோர் காதும் இந்தக் கதவில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் பெயரைக்கூட அவள் இதுவரைக்கும் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை, ஏனுங்க என்றுதான் கூப்பிடுவாள், ஃபோனில்கூட ஏனுங்க. "தொறக்க மாட்டேன்" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. கதவோடு வாயை வைத்து மறுபடி சொன்னாள். "தொறக்க மாட்டேன். போடா."

உள்ளே மேஜைமேல் கிடந்த ஃபோன் மட்டும் அக்கா, அக்கா, லைன்ல இருக்கீங்களா, ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட வந்துட்டோம், எந்த ரூமு என்று கேட்டுக்கொண்டிருந்தது. வாணி உரக்கப் பதில் சொன்னாள். ஃபூல்மணிக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அது இன்னும் பல்லை எடுக்கவில்லை, வாணியும் எடுக்கச் சொல்லவில்லை.